‘கேட்டோ’வுக்குப் பதில் சொன்ன ஒரே மனிதர்

திருவனந்தபுரத்தில் யாரும் ஒரு வாக்கியத்தைச் சும்மா முடிப்பதில்லை. கடைசியில் ஒரு ‘கேட்டோ’ போட்டுத்தான் முடிப்பார்கள். “மழை வருது, கேட்டோ.” “அரிசி தீர்ந்துது, கேட்டோ.” “மாமனார் போயிட்டார், கேட்டோ.” மலையாளம் பேசுகிறவர், தமிழ் பேசுகிறவர் எல்லோர் நாக்கிலும் அது வாலாக ஒட்டிக்கொண்டிருக்கும். கேட்டீர்களா என்று அர்த்தம். ஆனால் யாரும் அதை ஒரு கேள்வியாகக் கேட்பதில்லை. யாரும் பதில் சொல்வதும் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்த ஊரில் குப்பை கொட்டிவிட்டேன். அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு தடவையும் மரியாதையாகப் பதில் சொன்ன மனிதர் ஒருவரைத்தான் பார்த்தேன். அவர் என்னிடம்தான் வேலை பார்த்தார்.

யார் என்ன சொல்லி ‘கேட்டோ’ என்றாலும் “கேட்டேன்” என்பார். அதனால் அவர் பெயரே ‘கேட்டேன் அண்ணாச்சி’ என்று ஆகிவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து உடுத்திய வேட்டியோடு வந்து, சாலைக் கடைவீதியில் மூட்டை தூக்கி, பந்தல் கால் நட்டு, கடைசியில் கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் சொந்தமாக மைக் செட்டும் வாடகை நாற்காலியும் வைத்துக் கடை போட்டேன். என் நாற்காலியில் உட்காராத மந்திரி அந்தக் காலத்தில் கிடையாது. என் மைக்கில் இருமாத பிரசங்கி கிடையாது. ஆம்ப்ளிஃபயரை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, எந்த வால்வு செத்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். தமிழிலும் மலையாளத்திலும் கையெழுத்துப் போடுவேன். படிக்கச் சொன்னால்தான் கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருப்பேன்.

இப்பேர்ப்பட்ட என்னிடம் கேட்டேன் அண்ணாச்சி அறுபதுகளின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கண்ணாடி டம்ளர். பேச்சு மிகக் குறைவு. எதிரில் இருப்பவர் பேசும்போது அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான். வெற்றிலைக் கறை இருக்கிறதோ, சோற்றுப்பருக்கை ஒட்டியிருக்கிறதோ என்று எதிராளிக்குச் சந்தேகம் வந்துவிடும். அவரோடு பேசுகிற எல்லோரும் பேச்சுக்கு நடுவில் வாயைத் துடைத்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனார் அவரிடம் மூன்று வார்த்தை பேசி ஐந்து தடவை வாயைத் துடைத்ததை நானே எண்ணியிருக்கிறேன்.

டம்ளர் எதற்கு என்று சொல்ல வேண்டும். எந்த மேடைக்குப் போனாலும் முதல் காரியமாக டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, கடைசி வரிசையில் ஒரு தகர நாற்காலியில் வைப்பார். பிறகு மைக்கைத் தட்டிவிட்டு ஓடிப்போய், குனிந்து தண்ணீரைப் பார்ப்பார். தண்ணீரில் வளையம் வந்தால் தலையாட்டுவார். வரவில்லை என்றால் ஹார்னைத் திருப்பி வைப்பார். மற்ற மைக் செட்காரர்கள் ‘ஹலோ, ஹலோ’ என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, எங்கள் ஆள் தண்ணீருக்குக் கண்வைத்தியம் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். “இது என்னவே புதுசா?” என்று கேட்பவர்களிடம், “நான் கண்டுபிடிச்ச டெக்னிக்காக்கும்” என்று நான்தான் பெருமையடித்துக்கொள்வேன்.

அந்தத் தண்ணீரால் ஒரு தடவை பந்தலே போனது. ஆற்றங்கரையில் ஒரு விழா. அடைமழைக் காலம். பந்தல் போட பாளையங்கோட்டையிலிருந்து ஒரு புது ஆள் வந்திருந்தார். அண்ணாச்சிக்கு டம்ளரில் தண்ணீர் வேண்டும். வாளியோடு போனவன் வரவில்லை. ஊர்ப் பழக்கத்தில் தண்ணீருக்கு ‘வெள்ளம்’ என்றுதானே வரும்? “வெள்ளம் இன்னும் வரலியா? சீக்கிரம் வரும்னு சொன்னாங்களே! வெள்ளம் வராம ஒண்ணும் நடக்காது!” என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினார். பாளையங்கோட்டைக்காரர் ஒரே தாவு. பந்தல் கயிற்றை அறுத்து, துணியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்து ஓடினார். பின்னாலேயே போய் “அது தண்ணி வே, குடிக்கிற தண்ணி!” என்று நான் கத்தக் கத்த அவர் ஓட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை.

சிரிக்க முடியாத காரியமும் ஒன்று நடந்தது. ஸ்ரீவராகத்தில் ஒரு கல்யாணம். எங்கள் ஹார்ன் தெருவையே அதிர வைத்துக்கொண்டிருந்தது. காலைப் பத்து மணிக்குப் பக்கத்து வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். மகன் ஓடி வந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். “அப்பா போயிட்டார். பாட்டை நிறுத்துங்கோ, கேட்டோ.” அண்ணாச்சி “கேட்டேன்” என்றார். சொல்லிவிட்டு வால்யூமைத் திருகினார். கூட்டினார்! பாட்டு அந்த மனிதரின் தலைக்கு மேலேயே முழங்கியது. அவர் அப்படியே நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கினேன். மரண வீட்டுக்கு நாற்காலிகளை என் தலையிலேயே சுமந்து கொண்டுபோய்ப் போட்டு, காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வந்து, “மனுசனா வே நீரு? நெஞ்சில ஈரம் உண்டுமா?” என்று கிழித்துவிட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. கடைசியில், “கேட்டேன், மொதலாளி” என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் தனியாகப் போய், அந்த வீட்டு வாசலில் வெகுநேரம் கைகூப்பிக்கொண்டு நின்றாராம். கல்நெஞ்சக்காரர் எதற்கு அங்கே போய் நிற்க வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் அவரை ஏன் வைத்துக்கொண்டிருந்தேன்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் மூட்டை தூக்கிய கதை, போலீஸ்காரனின் லத்தியைப் பிடித்து நிறுத்திய கதை, மந்திரியின் வேட்டி நாற்காலி ஆணியில் மாட்டியபோது நான் காப்பாற்றிய கதை, இதையெல்லாம் என் பெண்சாதிகூடக் கேட்க மாட்டாள். கேட்டேன் அண்ணாச்சி கேட்பார். கடைவாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து, என் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல், நடுநடுவே “கேட்டேன்” என்று சொல்லி, பன்னிரண்டு வருஷம் கேட்டார். இவரைப்போல் என்னைப் புரிந்துகொண்டவர் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன்.

எழுபதுகளின் நடுவில், கரமனையில் ஒரு வாயனசாலை ஆண்டுவிழா வந்தது. நம் பக்கத்தில் படிப்பகம் என்போமே, அது. அதன் செக்ரட்டரி அக்ரகாரத்துக்காரர். ஆபீசில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். சிறப்புப் பேச்சாளராக ‘இடி சார்’ வருகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இடி சார் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் வாயைத் திறந்தால் மைதானத்தின் அந்தக் கோடியில் கட்டியிருக்கும் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் என்பார்கள். அவர் கூட்டங்களுக்கு மைக் போட என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை. எங்கள் தொழிலுக்கு அவர் எமன். ஒன்றரை வருஷமாக அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

செக்ரட்டரி கடைக்கு வந்தார். “ஓய், இடி சாருக்கு மைக்கே வேண்டாமாக்கும். நோட்டீஸ்ல போட்டாச்சு, அதனால பேருக்கு ஒண்ணு நிறுத்தினாப் போரும். அவர் குரலை ஒமக்குத் தெரியாதா? கூரை ஓடு விழாம இருந்தாச் சரி, கேட்டோ.”

“கேட்டேன்” என்றார் அண்ணாச்சி. செக்ரட்டரி வாயைத் துடைத்துக்கொண்டு போனார்.

விழா ஐந்து மணிக்கு. நானும் அண்ணாச்சியும் பன்னிரண்டு மணிக்கே மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு டாக்ஸி வந்து நின்றது. இடி சார் தனியாக இறங்கினார். நான் பத்து வருஷத்துக்கு முன்னால் பார்த்த ஆளில் பாதிதான் இருந்தது. உச்சி வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை. மீசையும் தாடியும் உதட்டை மூடி வளர்ந்திருந்தன. என்னைக் கைகாட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார். பேசினார். காய்ந்த வாழைச்சருகைக் கசக்குவதுபோல் ஒரு சத்தம். அதில் வார்த்தைகள் இருக்கின்றன என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இதுதான் இப்ப என் குரல். தொண்டையில ஆபரேஷன். ஒன்றரை வருஷமாச்சு.”

என் முகம் மாறிவிட்டது. அதை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“இந்த முகம்தான்” என்றார் அவர். “வீட்டுல, ஆஸ்பத்திரியில எல்லாரும் இந்த முகத்தை வச்சுத்தான் என்னைப் பாக்கறாங்க. அடுத்த வாரம் இன்னொரு ஆபரேஷன். அதுக்கப்புறம் இந்தச் சருகுச் சத்தமும் இருக்காது. அதுக்குள்ள ஒரு தடவை, ஒரே தடவை பேசணும். கடைசி வரிசைக்குக் கேக்குமா? கேக்கும்னா இருக்கேன். கேக்காதுன்னா இப்பவே சொல்லுங்க, இந்த டாக்ஸியிலயே போறேன். காய்ச்சல்னு சொல்லிடுங்க. மேடையில ஏறி நின்னு, நூறு பேர் ‘ஐயோ பாவம்’னு என்னைப் பாத்தா, ஆபரேஷனுக்கு முன்னாடியே செத்துடுவேன்.”

வெளியே டாக்ஸி என்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. நான் விரல் முட்டியால் வால்வுக்கு நாடி பார்க்கிறவன். மனிதத் தொண்டைக்கு எனக்கு நாடி தெரியாது. கையாட்டி அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

அண்ணாச்சி இடி சாரின் வாயைப் பார்த்தார். மீசைதான் தெரிந்தது. இப்படியும் அப்படியும் குனிந்து பார்த்தார். பிறகு, நான் தடுப்பதற்குள், சால்வைக்குள் கையை விட்டு அவர் தொண்டையில் உள்ளங்கையை வைத்துவிட்டார்! இத்தனை பெரிய மனிதரின் கழுத்தில்! ஆபரேஷன் செய்த இடத்தில்!

“எடும் வே கையை!” என்று நான் அலறினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“ஒண்ணு சொல்லுங்க, சார்” என்றார் அண்ணாச்சி. இடி சார் ஏதோ சொன்னார். “இன்னும் ஒண்ணு.” மறுபடியும் சொன்னார். அண்ணாச்சி கையை எடுத்து, உள்ளங்கையைப் பார்த்தார். “இருக்கு, மொதலாளி” என்றார். “சத்தம் உள்ள இருக்கு. வெளிய வாரதுக்குத்தான் வழி இல்ல. வழி நான் போடுதேன்.”

சொல்லிவிட்டு மேடைக்குப் போய், எங்களுக்கு முதுகு காட்டி, மைக்கைத் துடைக்க ஆரம்பித்தார். இடி சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இந்த ஆளுக்குச் செவி கேக்காது, அல்லே?”

நான் சிரித்தேன். “நல்ல கதை! பன்னிரண்டு வருசமா எங்கிட்ட மைக் போடுத ஆளு சார் அவரு.”

“கூப்பிட்டுப் பாருங்க.”

கூப்பிட்டேன். “அண்ணாச்சி!” அவர் திரும்பவில்லை. என் குரலைப் பற்றி நானே சொல்லக் கூடாது. பாலத்தில் நின்று கூப்பிட்டால் கடைவீதியில் கல்லாவில் இருப்பவன் எழுந்து நிற்பான். அந்தக் குரலை முழுசாக எடுத்து, “அண்ணாச்சீ!” என்றேன். உத்திரத்தில் இருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன. புறாக்களின் நிழல் மேடையில் ஓடியது. அண்ணாச்சி நிமிர்ந்து புறாக்களைப் பார்த்தார். எதற்குப் பறக்கின்றன என்று புரியாமல், மறுபடி குனிந்து மைக்கைத் துடைத்தார்.

மேடையேறி அவர் முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. மைக்கைப் பையக் கீழே வைத்தார்.

“வந்து சேந்தப்ப ஒரு காது இருந்தது, மொதலாளி” என்றார்.

பிறகு சொன்னார். என்னிடம் வருவதற்கு முன் ஒரு கோவிலில் வெடி வழிபாட்டுக்குக் கதினா என்கிற இரும்புக் குழாயில் மருந்து கெட்டிக்கும் வேலை. பிறத்தியார் நேர்த்திக்கடனுக்கு இவர் வெடி போடுவார். ஒரு நாள் ஒரு குழாய் முந்திக்கொண்டு வெடித்தது. ஒரு காது அன்றே போயிற்று. மற்றது நாலைந்து வருஷத்தில் மெல்ல மெல்ல அடைந்தது.

“செவி போனவருக்கு மைக் செட்டுலயா வே வேலை?” என்றேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு அதுவும் ஒன்றுதானே!

“வேற எங்க மொதலாளி எனக்குச் சத்தம் கிடைக்கும்?” என்றார். “பாக்ஸில கையை வச்சா பாட்டு வரும். ஹார்ன் கூவிச்சின்னா உள்ளங்கையில எறும்பு கடிக்கும். வீட்டுல பிள்ளை கூப்பிட்டா ஒண்ணும் வராது. இங்க வரும்.”

டம்ளர். வாயைப் பார்ப்பது. துண்டால் பொத்திய வாய். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் மண்டையில் வந்து விழுந்தன. அன்று அந்த மகன் சொன்னதில் இவருக்குக் கிடைத்தது, வாக்கியம் முடிந்து ஆடிய தலை மட்டும்தான். கல்யாண வீட்டில் ஓடி வருகிறவன் பாட்டைக் கூட்டத்தானே சொல்வான்? ஊர் முழுக்க வாக்கியத்தின் கடைசியில் ‘கேட்டோ’ போட்டதால், எங்கே பதில் சொல்வது என்று அவருக்கு ஊரே இடம் காட்டிக் கொடுத்திருக்கிறது.

“சார்” என்றேன் இடி சாரிடம், “இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. காது கேக்குத ஆள் ஒருத்தனைச் சாலைக் கடைவீதியில இருந்து கொண்டாறேன்.”

இடி சார் கையை ஆட்டி மறுத்தார். “இவர் வேணும். என் சத்தத்தைக் கேட்டு முகம் மாறாத ஒரே ஆள் இவர்தான்.” வெளியே போய் டாக்ஸியை அனுப்பிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி மண்டபத்தைப் பிடித்து உலுக்கியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஹார்ன் இரண்டையும் இறக்கினார்: “சருகை ஹார்ன்ல போட்டா கூவும்.” என்னிடம் இருந்த பெட்டி ஸ்பீக்கர் நாலையும் வரிசைகளுக்கு நடுவே தரையில் வைத்தார். டம்ளரை நாற்காலியில் வைத்துப் பார்த்தார். தண்ணீர் தானாகவே ஆடியது. மின்விசிறி! எல்லாவற்றையும் அணைத்தார். மறுபடி ஆடியது. சாலையில் பஸ்! சாலைப் பக்க ஜன்னல்களைச் சாத்தி, நான் கொண்டுவந்த சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டார். கடைசி நாலு வரிசையைப் பிடுங்கி முன்னால் நெருக்கிப் போட்டார். மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, கைக்குட்டை சுற்றி, மேஜை மேல் பூச்செண்டுக்கு நடுவே இடி சார் உட்கார்ந்தால் மீசையைத் தொடும் உயரத்தில் கட்டினார்.

மூன்று மணிக்கு செக்ரட்டரி வந்தார். பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். “என்ன ஓய் இது? ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைச்சு, சாக்கைத் தொங்கவிட்டு! பிரசங்கமா, புழுங்கலரிசி வேக வைக்கறேளா? இடி சார் உக்காந்துண்டா பேசுவார்? அவர் நின்னா மேடை நடுங்குமாக்கும்! எல்லாத்தையும் பழையபடி மாத்தும், கேட்டோ!”

“கேட்டேன்” என்றார் அண்ணாச்சி. ஜன்னலில் இன்னொரு சாக்கைக் கட்டினார்.

உள்ளறையிலிருந்து இடி சார் வெளியே வந்து, அப்படியே இருக்கட்டும் என்று கையைக் காட்டினார். செக்ரட்டரி அடங்கினார்.

கடைசியில் எனக்கும் ஒரு வேலை வைத்தார் அண்ணாச்சி. அவர் மேடைக்குக் கீழே ஒரு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து உட்காருவார். ஆனால் பின்வரிசைக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறதா என்று அவருக்கு யார் சொல்வது? “மொதலாளி, நீங்க கடைசியில நில்லுங்க. நல்லாக் கேட்டா டம்ளரை வலது கையில வையுங்க. மங்கினா இடது கையில.” கரமனையின் மைக் செட் முதலாளி, மந்திரி வேட்டியைக் காப்பாற்றியவன், டம்ளர் தண்ணீரோடு சுவரோரம் நின்றேன். தாகத்தில் நிற்கிறேன் என்று நினைத்து இரண்டு பேர் ‘குடிங்க, மொதலாளி’ என்றார்கள்.

ஐந்து மணிக்கு மண்டபம் நிறைந்தது. இடி சார் உட்கார்ந்தார். சனம் இடிக்குத் தயாராகக் காதைக் கொஞ்சம் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் மைக்கை நெருங்கினார். முதல் வார்த்தையில் ஒரு கீச்சு. எல்லோரும் நிமிர்ந்தார்கள். முன்வரிசையில் ஒரு முகம் மாறத் தொடங்கியது. அந்த முகத்தை நான் பார்த்தேன். இடி சாரும் பார்த்துவிட்டார். நிறுத்திவிட்டார். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் போனார்.

என் டம்ளர் இடது கைக்குப் போனது. கீழே அண்ணாச்சி எதையோ திருகினார். பிறகு இடி சாரைப் பார்த்து, தன் உள்ளங்கையைக் காட்டி, இருங்கள் என்று தலையசைத்தார். இடி சார் அந்தக் கையைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

“இத்தனை வருஷம் உங்களை மிரட்டிட்டேன்” என்றார். இந்தத் தடவை அது தரையிலிருந்து, ஒவ்வொருவர் காலடியிலிருந்தும் எழுந்து வந்தது. “இன்னிக்கு ரகசியம் பேசப் போறேன். ரகசியத்தைச் சத்தமாப் பேச முடியுமா?”

கூட்டம் சிரித்தது. பிறகு மொத்த மண்டபமும் முன்னால் சாய்ந்தது. நாற்பது நிமிஷம். இருமல் இல்லை, செருப்புச் சத்தம் இல்லை. வியர்வை வழிய அத்தனை பேரும் அசையாமல் இருந்தார்கள். என்ன பேசினார் என்று கேட்காதீர்கள். நான் மூன்றாம் வகுப்பு. டம்ளரை மாற்றுவதற்காக ஒவ்வொரு வார்த்தையையும் அளந்தேனே தவிர அர்த்தம் பார்க்கவில்லை. கை மரத்துப்போனது. இடது கைக்கு அது இரண்டே தடவைதான் போனது.

பக்கத்தில் நின்ற செக்ரட்டரி என் காதில், “என்னமா அடக்கி வாசிக்கறார் பாத்தீரா! இதெல்லாம் சாதகமாக்கும்!” என்றார். நான் “ஆமா” என்றேன்.

முடிக்கும்போது இடி சார் மூச்சு வாங்கினார். “அவ்வளவுதான். இனிமே நீங்க பேசணும். கேட்டோ?”

யார் பதில் சொல்வார்கள்? மேடைக்குக் கீழே, பெட்டி மேல் கைவைத்திருந்த இடத்திலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: “கேட்டேன்.”

சனம் சிரித்துக் கைதட்டியது. இடி சார் சிரிக்கவில்லை. கீழே பார்த்துக் கும்பிட்டார்.

அடுத்த வாரம் ஆபரேஷன் ஆயிற்று. அதற்கப்புறம் அவர் பேசவில்லை. மூன்று மாதம் கழித்து அதே மண்டபத்தில் அவருடைய இரங்கல் கூட்டத்துக்கு நாங்கள்தான் நாற்காலி போட்டோம். செக்ரட்டரி ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடச் சொன்னார். அண்ணாச்சி டம்ளரைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அன்று மட்டும் மைக் கூவியது. நான்தான் போய்த் திருகினேன்.

அண்ணாச்சியை நான் வேலையை விட்டு அனுப்பவில்லை. வேறு யாராவது முதலாளி அனுப்பியிருப்பான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. காது கேட்காததற்காக இல்லை. பன்னிரண்டு வருஷம் என் கதையை உட்கார்ந்து கேட்ட ஒரே மனிதர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே, அதற்காக! கடைசியில் தாங்காமல் கேட்டுவிட்டேன். “அப்போ போலீஸ்காரன் லத்தி கதை ஒமக்குத் தெரியாதா வே?”

“வாயைப் பாத்தாத் தெரியுமே, மொதலாளி. வருசா வருசம் போலீஸ்காரனுக்கு உயரம் கூடிட்டே வந்துது.”

அதற்குப் பிறகும் பத்து வருஷம் போல இருந்தார். எண்பதுகளில் ஒரு மழைக்காலத்தில் படுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பகல் நேரம். வார்டு முழுக்க இருமலும் பாத்திரச் சத்தமும். அவருக்குக் கண் திறக்க முடியவில்லை. அவர் பெண்சாதி, “யாரு வந்தாலும் தெரியல. கண்ணு மூடிட்டா அவருக்கு உலகமே இல்ல, கேட்டோ” என்றாள். வழக்கமாகப் பதில் வரும் இடத்தில் பதில் வரவில்லை.

கட்டிலில் உட்கார்ந்தேன். “அண்ணாச்சி, கடையில ஒம்ம ஸ்டூல் அப்படியே கிடக்கு. எவனையும் நான் இருக்க விடல” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. என் வாய் அவருக்குத் தெரியாது.

அவர் வலது கையை எடுத்தேன். இரும்புக் குழாய்போல் சில்லென்று இருந்தது. அந்த உள்ளங்கையை என் தொண்டையில் வைத்து அழுத்திக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். ஸ்டூலைப் பற்றிச் சொன்னேன். லத்தியைப் பற்றிச் சொன்னேன், உண்மையான உயரத்தோடு. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். கடைசியில், “கேட்டோ?” என்றேன்.

விரல்கள் என் கழுத்தில் கொஞ்சம் அசைந்தன.

“கேட்டேன், மொதலாளி” என்றார்.

இப்போதும் அந்த ஊரில் பால்காரரும் பேரனும் டாக்டரும் ஆளுக்கு ஒரு ‘கேட்டோ’ சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன். வாயால் சொல்லும் பதில் என்னுடையதில்லை.